கழன்ற குடை எங்கே போகும்?

சுவரில் ஆணி அடித்தவர் படத்தை மாட்டுமுன் ஆணியை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். இதய ஓட்டையை அடைக்கும் மருத்துவரும் அப்படித்தான். கருவியைப் பொருத்திய பின், கம்பியை விடுவிக்குமுன் மெல்ல இழுத்தும் தள்ளியும் பார்ப்பார். இதற்கு ‘மின்னசோட்டா விகிள்’ என்று பெயர். கருவியை உருவாக்கிய கர்ட் ஆம்ப்ளாட்ஸ் வேலை பார்த்தது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில்.

மேலறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை மார்பைத் திறக்காமல் முதலில் அடைத்தவர்கள் நியூ ஆர்லியன்ஸின் டெர்ரி கிங்கும் நோயல் மில்ஸும். ஆண்டு 1975. அவர்களுடைய கருவி நிஜமாகவே இரட்டைக் குடை. ஆம்ப்ளாட்ஸின் கருவி நிட்டினால் என்னும் உலோகக் கலவையின் கம்பிவலை: இரண்டு தட்டு, நடுவில் இடுப்பு. தொடைச் சிரை வழியே குழாய்க்குள் நீட்டி அனுப்பினாலும், வெளியே வந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். 2001 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி தந்தது.

ஆட்டிப் பார்த்தும் சில நேரம் கழன்றுவிடுகிறது. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்.

கழன்ற ‘குடை’யை, அதாவது கருவியை, ரத்த ஓட்டம்தான் இழுத்துப் போகும். வலப்பக்கம் விழுந்தால் நுரையீரல் தமனி. இடப்பக்கம் விழுந்தால் மகாதமனி. மகாதமனியில் அது கீழே இறங்கி, கிளைக்குப் போகும் ரத்தத்தை மறிக்கலாம். வழியிலேயே கீழறையில் தங்கிவிட்டால் படபடப்பு, துடிப்புக் கோளாறு. சிலருக்கோ ஒன்றுமே தெரியாது. மறுநாள் எக்கோவில் கருவி இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும்.

மீட்பது சுருக்குப் போட்டு மாடு பிடிப்பது போலத்தான். கம்பிச் சுருக்கை அனுப்பி, கருவியின் திருகுமுனையில் மாட்டி, முதலில் போட்டதைவிடப் பெரிய குழாய்க்குள் இழுக்கிறார்கள். கீழறையில் வால்வின் நாண்களில் சிக்கியிருந்தால் இழுப்பது ஆபத்து, வால்வே கிழியும். அப்போது அறுவை சிகிச்சைதான். கருவியை எடுத்த கையோடு ஓட்டையையும் தைத்துவிடுவார்கள்.

கழல்வதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஓட்டையைச் சுற்றிப் போதுமான விளிம்பு இல்லாதது, கருவி ஓட்டைக்குச் சிறிதாக இருப்பது. அப்படியானால் பெரிதாகவே வைத்துவிடலாமே? அதிலும் வம்பு இருக்கிறது. தட்டின் ஓரம் உரசி உரசி இதயச் சுவரையே அரிக்கலாம். ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்த அரிப்பு என்று எஃப்.டி.ஏ. 2013-ல் எச்சரித்தது. அளவெடுக்க முன்பு பலூனை ஊதி ஓட்டையை நன்றாக விரித்துப் பார்த்தார்கள். அளவு மிகாமலிருக்க, இப்போது ஓட்டை வழியே ரத்தம் நின்றதாக எக்கோ திரை காட்டும் நொடியிலேயே ஊதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.