இறக்கைக்குக் கீழே – 17: நாலு பெரிதா, இரண்டு பெரிதா?

லாக்ஹீட் கான்ஸ்டெல்லேஷன்தான் உலகிலேயே மிகச் சிறந்த மூன்று என்ஜின் விமானம் என்று விமானப் பிரியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கான்ஸ்டெல்லேஷனுக்கு இருந்தது நாலு என்ஜின். புறப்பட்ட இடத்தில் நாலும் ஓடும், போய்ச் சேரும்போது மூன்றுதான் ஓடும் என்பது அந்தக் காலத்தில் அத்தனை சகஜம். 1948 ஜூன் 8 அன்று பம்பாயில் கிளம்பி, கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் போன ஏர் இந்தியாவின் முதல் சர்வதேச விமானம் 'மலபார் பிரின்சஸ்' இந்த இனம்தான்.

பிஸ்டன் என்ஜின் காலத்தில் கடல் கடக்கும் விமானத்துக்கு நாலு என்ஜின் வேண்டும் என்றால் அதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஒன்று நிற்கும் என்று தெரிந்தேதான் நாலு வைத்தார்கள். அமெரிக்கா 1953-ல் ஒரு விதி போட்டது. இரண்டோ மூன்றோ என்ஜின் உள்ள விமானம், ஒரு என்ஜின் நின்றுபோனாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தைப் பிடித்துவிடும் தூரத்திலேயே எப்போதும் பறக்க வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு விமான நிலையத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அட்லாண்டிக்கின் நடுவில் பெரிய வெற்றிடம் வரும். அதற்குள் இரண்டு என்ஜின் விமானம் நுழையக் கூடாது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று வடக்கே வளைந்து வளைந்து போக வேண்டும்.

ஜெட் என்ஜின் வந்த பிறகு இந்த விதிக்கு அர்த்தம் குறைய ஆரம்பித்தது. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பிஸ்டன் கிடையாது, எல்லாம் ஒரே அச்சில் சுழல்கிறது. தேய்மானம் குறைவு, நின்றுபோவது அதைவிடக் குறைவு. ஆனாலும் விதி தளர்ந்தது மூன்று என்ஜின் விமானங்களுக்கு மட்டும்தான், அதுவும் 1964-ல். போயிங் 727-க்கு மூன்று என்ஜின் வந்த கதை இதோடு சேர்ந்தது. யுனைடெட் நிறுவனம், உயரத்தில் இருக்கும் டென்வர் விமான நிலையத்தை மனதில் வைத்து நாலு என்ஜின் கேட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் செலவு பார்த்து இரண்டு போதும் என்றது. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ், கரீபியன் கடல் மேல் போக வேண்டியிருந்ததால் மூன்று கேட்டது. கடைசியில் ஈஸ்டர்ன் கேட்டதுதான் நடந்தது. இந்த ஈஸ்டர்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

அமெரிக்காவுக்கு வெளியே இவ்வளவு கெடுபிடி இல்லை. 90 நிமிடம் வரை விலகலாம் என்று பல நாடுகள் விட்டிருந்தன. இரண்டு என்ஜின் ஏர்பஸ் ஏ300, 70-களிலேயே வங்கக் கடலை அப்படித்தான் கடந்துகொண்டிருந்தது. அமெரிக்காதான் அசையவில்லை. 80-களின் தொடக்கத்தில் போயிங் அதிகாரிகள் போய்க் கேட்டபோது, அமெரிக்க விமானத் துறை நிர்வாகத்தின் தலைவராக இருந்த லின் ஹெல்ம்ஸ் நடக்கவே நடக்காது என்று கடுமையாகச் சொல்லி அனுப்பினார் என்பது அந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை.

சில வருடங்களிலேயே நடந்தது. 1985 பிப்ரவரி 1 அன்று டி.டபிள்யூ.ஏ நிறுவனத்தின் போயிங் 767, ஒரு மணி நேர விதியைத் தாண்டும் அனுமதியோடு பாஸ்டனிலிருந்து பாரிஸ் போனது. மூன்று என்ஜின் டிரைஸ்டாரோடு ஒப்பிட்டால் மணிக்கு 3 டன்னுக்கு மேல் எரிபொருள் மிச்சம். அதற்குப் பிறகு கணக்குப் பிள்ளைகள் விடுவார்களா? 1988-ல் அனுமதி 180 நிமிடமானது. பூமியின் பரப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் அந்த வட்டங்களுக்குள் வந்துவிட்டது. இந்த அனுமதிக்குத்தான் ஈடாப்ஸ் (ETOPS) என்று பெயர். என்ஜின் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பயணிகள் நீந்த வேண்டும் என்று அந்த எழுத்துகளுக்கு விமானிகள் வேறு விரிவு சொல்வார்கள்.

சரி, எதை நம்பிக் கொடுத்தார்கள்? 120 நிமிடம் வேண்டுமென்றால், உலகம் முழுக்க ஓடும் அந்த ரக என்ஜின்கள் சராசரியாக 20,000 மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் நடுவானில் நிற்கக் கூடாது. 180 நிமிடத்துக்கு 50,000 மணி நேரம். அதற்கும் மேல் கேட்டால் ஒரு லட்சம் மணி நேரம். நீண்ட தூர விமானம் ஒன்று வருடத்துக்கு 4,500 மணி நேரம் பறக்கிறது என்று வைத்தால், ஒரு லட்சம் மணி நேரம் என்பது 22 வருடம்.

கணக்குப் போடுவோம். லட்சம் மணிக்கு ஒரு தடவை நிற்கும் என்ஜின் இரண்டோடு 14 மணி நேரப் பயணம். ஏதாவது ஒன்று நிற்க வாய்ப்பு லட்சத்தில் 28. நாலு என்ஜின் விமானத்தில் அது லட்சத்தில் 56 ஆகிவிடும். அதிக என்ஜின் என்றால் கெட்டுப்போக அதிக என்ஜின், அவ்வளவுதான். இரண்டில் ஒன்று நின்று, அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் மற்றதும் தன்பாட்டுக்கு நிற்க வேண்டுமானால்? சுமார் 12 கோடிப் பயணங்களில் ஒரு முறை.

இந்தக் கணக்கில் 'தன்பாட்டுக்கு' என்ற நிபந்தனைதான் எல்லாமே. ஒரே கிணற்றில் நாலு மோட்டார் இறக்கினாலும் கிணறு வற்றினால் நாலும்தான் நிற்கும். விமானத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது இந்த மாதிரி காரணத்துக்குத்தான். எல்லா என்ஜினையும் ஒன்றாகத் தொடும் காரணம். அதற்கு முன்னால் நாலு என்ன, எட்டு இருந்தாலும் ஒன்றுதான்.

1982 ஜூன் 24. லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர், பெர்த் வழியாக ஆக்லாந்துக்குப் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9. நாலு என்ஜின் ஜம்போ, போயிங் 747. மெட்ராஸைத் தாண்டி, கோலாலம்பூரையும் விட்டு, ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் இரவில் போய்க்கொண்டிருந்தபோது கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. வறண்ட சாம்பலுக்கு ரேடாரில் உருவம் இல்லை. சில நிமிடங்களுக்குள் நாலு என்ஜினும் அடுத்தடுத்து நின்றன. உள்ளே உருகிய சாம்பல் ஒட்டிக்கொண்டது. கேப்டன் எரிக் மூடியும் குழுவினரும் மறுபடி மறுபடி இயக்கிப் பார்த்து, 13,000 அடி வாக்கில் சாம்பலுக்குக் கீழே வந்த பிறகுதான் என்ஜின்கள் உயிர்பிடித்தன. சாம்பல் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மங்கிப்போயிருந்ததால், ஜகார்த்தாவில் முன்னால் சரியாகத் தெரியாமலே இறக்கினார்கள். 263 பேரும் பிழைத்தார்கள்.

அடுத்தது ஈஸ்டர்ன். 1983 மே 5 அன்று மியாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குக் கிளம்பிய டிரைஸ்டாரில் 172 பேர். கடல் மேல் பறப்பதற்காகவே மூன்றாவது என்ஜினை விரும்பிய நிறுவனம், மூன்று என்ஜின் விமானம், அதே கரீபியன் பக்கத்துக் கடல். முந்தைய இரவு என்ஜின்களின் ஆயிலில் உலோகத் துகள் சேர்கிறதா என்று பார்க்கும் சிறு கருவியைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். அதில் ரப்பர் வளையம் ஒன்று இருக்க வேண்டும். வழக்கமாக வளையம் போட்டே எடுத்துவைத்திருப்பார்கள். அன்று வளையம் இல்லாத கருவிகள் கைக்கு வந்தன. அப்படியே மூன்று என்ஜினிலும் மாட்டியாயிற்று. பறக்கும்போது மூன்றிலிருந்தும் ஆயில் கசிந்தது. முதலில் நடு என்ஜினில் அழுத்தம் குறைய, அதை நிறுத்திவிட்டு மியாமிக்குத் திரும்பினார்கள். வழியில் மற்ற இரண்டும் நின்றன. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது, முதலில் நிறுத்திய என்ஜினையே மறுபடி கிளப்பி, அந்த ஒன்றை வைத்துத் தரை சேர்ந்தார்கள். சில காசு பெறும் ரப்பர் வளையம் மூன்று என்ஜினையும் ஒரே காலையில் காலி செய்தது.

இந்தச் சம்பவத்துக்கு அடுத்த இரண்டே வருடத்தில் வந்த ஈடாப்ஸ் விதிகளைப் படித்தால், அதில் என்ஜினைவிட மெக்கானிக்கைப் பற்றிய அக்கறை அதிகம் என்று எனக்குத் தோன்றும். ஒரே மெக்கானிக் ஒரே வேளையில் இரண்டு என்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. ஆள் இல்லாமல் செய்தே ஆக வேண்டும் என்றால், இன்னொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இரண்டு கைகள், இரண்டு பார்வை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் என்ஜின் எவ்வளவு ஆயில் குடித்தது என்று எழுதி, முந்தைய கணக்கோடு ஒப்பிட வேண்டும். வாலில் இருக்கும் துணை மின் என்ஜின், மணிக்கணக்கில் உறைகுளிரில் கிடந்த பிறகும் நடுவானில் கிளம்புகிறதா என்று நிரூபிக்க வேண்டும். எரிபொருள் போடும்போது மிக மோசமான நிலையை வைத்துக் கணக்கிட வேண்டும்: கடலுக்கு நட்டநடுவில் கேபின் அழுத்தம் போய், 10,000 அடிக்கு இறங்கி, அடர்ந்த காற்றில் எரிபொருளை விழுங்கிக்கொண்டே கரைக்கு வர வேண்டும் என்று. நாலு என்ஜின் விமானத்துக்கு அன்று இந்தக் கண்டிப்பில் எதுவுமே கட்டாயம் இல்லை.

போயிங் 777 வந்தபோது ஒரு படி மேலே போனார்கள். முன்பெல்லாம் ஒரு விமானம் ஓரிரு வருடம் பயணிகளோடு ஓடி நல்ல பெயர் எடுத்த பிறகுதான் ஈடாப்ஸ். 777-ஐயோ, ஒவ்வொரு ரக என்ஜினோடும் ஒரு விமானத்தை 1,000 முறை ஏற்றி இறக்கிச் சோதித்து, 1995-ல் பயணிகளை ஏற்றும் முதல் நாளிலிருந்தே 180 நிமிட அனுமதியோடு விட்டார்கள்.

ஏர்பஸ் அதற்குள் வேறு சீட்டு ஆடியிருந்தது. ஒரே உடல், ஏறக்குறைய ஒரே இறக்கை. அதில் இரண்டு என்ஜின் மாட்டினால் ஏ330, நாலு மாட்டினால் ஏ340. குறைந்த தூரத்துக்கு அது, கடலுக்கு இது. சந்தையே ஒரு பரிசோதனைக் கூடமானது. நீண்ட தூரத்துக்கு நாலு என்ஜின்தான் என்று விர்ஜின் அட்லாண்டிக் தன் ஏ340-களின் உடலிலேயே எழுதிவைத்தது. கொழும்பின் ஏர்லங்கா (பிற்பாடு ஸ்ரீலங்கன்) 1994-ல் ஏ340 வாங்கியது. முடிவு? ஏ340 சுமார் 380-ஓடு 2011-ல் நின்றுபோனது. ஏ330 1,500-ஐத் தாண்டி இன்றும் வெளிவருகிறது. விர்ஜினும் ஸ்ரீலங்கனும் பிறகு ஏ330-க்கே வந்தன. எனக்கு ஏ340 அழகான விமானம், அதன் மெல்லிய இறக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எரிபொருள் பில் கட்டுகிறவர் நான் இல்லையே.

நாலு என்ஜினில் ஒரு சௌகரியம் உண்மையாகவே உண்டு, ஒன்று நின்றாலும் பயணத்தைத் தொடரலாம். 2005 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லண்டன் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-ல், மேலெழுந்த உடனே ஒரு என்ஜினில் தீப்பொறி. அதை அணைத்துவிட்டு, மூன்றோடு அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் கடந்தார்கள். உயரம் குறைவு, எரிபொருள் செலவு அதிகம், கடைசியில் லண்டன் வரை போக மனமில்லாமல் மான்செஸ்டரில் இறங்கினார்கள். விதிப்படி அது சரியா என்று பெரிய சர்ச்சை நடந்தது. இரண்டு என்ஜின் பைலட்டுக்கு இந்தச் சபலமே கிடையாது. பக்கத்து விமான நிலையம் எங்கே என்று பார்த்து இறங்கிவிட வேண்டும்.

அந்தப் 'பக்கத்து' விமான நிலையம் எப்படிப்பட்டது என்று 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா 777-ல் இருந்த 216 பயணிகளும் 16 ஊழியர்களும் தெரிந்துகொண்டார்கள். ஒரு என்ஜினில் கோளாறு. இறங்கிய இடம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஒகோட்ஸ்க் கடலோரம் இருக்கும் மகதான், ஸ்டாலின் காலக் கட்டாய உழைப்பு முகாம்களின் வாசலாக இருந்த ஊர். ஓடுபாதை தாராளமானது, விமானம் பத்திரமாக இறங்கியது. ஊரில் அத்தனை பேருக்கு அறைதான் இல்லை. கிடைத்த தற்காலிக இடங்களில் தங்கவைத்து, மும்பையிலிருந்து வேறு விமானம் வந்து கூட்டிப்போனது. துருவப் பகுதியில் இறங்கினால் பயணிகளுக்கு இருப்பிடமும் சாப்பாடும் எப்படி, எப்போது மீட்பது என்று முன்கூட்டியே திட்டம் வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்பது இதனால்தான்.

அடுத்த வருடம், 2024 ஜூலையில், அதே பாதையில் இன்னொரு ஏர் இந்தியா 777 சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்கில் இறங்கியது. இந்த முறை இறக்கியது என்ஜின் இல்லை. சரக்கு அறையில் ஏதோ பிரச்னை என்று விமானி அறைக்கு அறிகுறி வந்திருந்தது. சரக்கு அறையில் தீப் பிடித்தால் அதை அமுக்கிவைக்கும் ஹாலான் வாயு புட்டிகள் இத்தனை நிமிடம்தான் தாங்கும் என்று கணக்கு உண்டு. 180 நிமிட அனுமதி என்றால், அதோடு 15 நிமிடம் சேர்த்துத் தாங்க வேண்டும். இந்த இடத்தில் நாலு என்ஜின் விமானத்துக்கு ஒரு நிமிடம்கூடச் சலுகை இல்லை, தீக்கு என்ஜின் எண்ணிக்கை தெரியாது.

2007-ல் அமெரிக்கா இதை ஒத்துக்கொண்டு, 180 நிமிடத்துக்கு அப்பால் போகும் எந்தப் பயணி விமானமும், எத்தனை என்ஜின் இருந்தாலும், இதே விதிக்குள் வர வேண்டும் என்று மாற்றியது. 2015-ல் நாலு என்ஜின் போயிங் 747-8, 330 நிமிட அனுமதி வாங்கிக்கொண்டது. இரண்டு என்ஜின் விமானங்களை அடக்கிவைக்கப் பிறந்த விதியில் அவை வாங்கும் சான்றிதழை, ஜம்போவும் வரிசையில் நின்று வாங்கியது.

விலக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று, நாலு என்ஜின் விமானம் சரக்கு மட்டும் ஏற்றினால் இந்த விதி அதைத் தொடாது. பயணிகள் விமான நிறுவனங்கள் கைவிட்ட மூன்று என்ஜின் எம்.டி.-11, சரக்கு நிறுவனங்களில் எப்படி இத்தனை காலம் ஓடியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)