ஆறு கண்ணியில் தொடங்கும் பிக்காச்சு

வங்காளத்தில் ‘ஆமி’ என்றால் ‘நான்’. அதனால் ‘அமிகுருமி’ என்ற ஜப்பானியச் சொல் கொல்கத்தாக்காரர் காதில் பாதி வீட்டுச் சொல்லாகவே விழும். ஜப்பானியத்தில் பொருள் வேறு. ‘அமி’ பின்னுவதைக் குறிக்கும். ‘நுய்குருமி’ பஞ்சடைத்த பொம்மை. இரண்டையும் ஒட்டினால், குரோஷா ஊசியில் பின்னிய, உள்ளங்கையில் உட்காரும் குட்டிப் பொம்மை. பிக்காச்சு, டோட்டோரோ, டோரேமான் என்று ஜப்பானியக் கார்ட்டூன் முகங்களைப் பின்னிக்கொண்டு கொல்கத்தாவிலும் இதற்குப் பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி அந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரரின் ‘குரோஷே’ நம்மிடம் ‘குரோஷா’ ஆனது போல வங்காளத்தில் ‘குருஷ்’ ஆனது. நம் பாட்டிமார் அதில் ரேடியோவுக்குச் சட்டை போட்டார்கள், டி.வி.க்கு முக்காடு போட்டார்கள். வங்காள அம்மாக்களுக்குக் கம்பளி நூல்மேல் இன்னும் ஒரு பிடி கூடுதல் பாசம். லேசாகக் குளிர் எட்டிப் பார்த்தாலே மங்கி குல்லாவுக்குள் புகுந்துகொள்ளும் ஊர் அது. ஒவ்வொரு குளிர்காலமும் வெலிங்டன் சதுக்கத்தில் பூட்டியா வியாபாரிகள் ஸ்வெட்டர்க் கடை விரிப்பார்கள். பின்னத் தெரிந்த கைக்கு அங்கே பஞ்சமே இருந்ததில்லை.

பொம்மை பின்னுவது ஏறக்குறைய வாய்ப்பாடு சொல்வது மாதிரிதான். நூலில் ஒரு வளையம், அதற்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்து நான்கு. சுற்றை முடித்து மூடாமல் நத்தை ஓடு போலச் சுழன்றுகொண்டே போகவேண்டும். தலை போதுமான அளவு வந்ததும் கூட்டலை நிறுத்தி, சில சுற்றுகள் அப்படியே ஓட்டி, பிறகு அதே கணக்கில் கழித்துக்கொண்டே வந்து, பஞ்சை அடைத்து, வாயை இறுக்கினால் உருண்டை தயார். நடுவில் யாராவது கதவைத் தட்டி எண்ணிக்கை ஒன்று தவறினால், பிக்காச்சுவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. குரோஷாக் கண்ணியைக் கை போடுவது போலப் போட்டுத் தள்ளும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இல்லை. ஆகவே, பளபளக்கும் மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும் சரி, குரோஷா பொம்மை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் மதிய நேரம். “இத்துனூண்டு பொம்மைக்கா இவ்வளவு விலை?” என்று பேரம் பேசுகிறவர்கள், ஒரே ஒரு சுற்றைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் பொம்மைக்கு உயிர் வருவது கண் வைக்கும்போது. கண்களை முகத்தின் பாதிக்குக் கீழே இறக்கி, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால் குழந்தை முகம் வந்துவிடும். மேலே ஏற்றி நெருக்கமாக வைத்தால் வட்டி வசூலிக்க வந்தவர் மாதிரி இருக்கும். பெரிய தலை, அகன்ற நெற்றி, கீழே இறங்கிய பெரிய கண்கள், குட்டைக் கைகால்கள் ஆகியவை பெரியவர்களின் மனதை இளக்கும் என்று ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கோன்ராட் லாரன்ஸ் 1943ல் எழுதினார். 1974ல் யூகோ ஷிமிசு, சான்ரியோ நிறுவனத்துக்காக ஹலோ கிட்டியை வரைந்தபோது வாயே வைக்கவில்லை. பார்ப்பவர் சிரித்தால் அதுவும் சிரிக்கும். அழுதால் அதுவும் அழும்.

இந்த ரசனைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘கவாய்’. முகம் சிவக்கும் கூச்சத்தைக் குறித்த பழஞ்சொல், பிறகு இரக்கத்தைக் குறித்து, கடைசியில் செல்லத்துக்கு வந்து சேர்ந்தது. மழையில் நனைந்த நாய்க்குட்டியைப் பார்த்து நாம் “ஐயோ, பாவம்” என்று ஆரம்பித்து “என் பட்டு” என்று முடிக்கிறோமே, அந்த வழிதான். வங்காளிகள் இதற்குத் தனிச்சொல் தேடி அலைவதில்லை. ரசகுல்லாவும் ‘மிஷ்டி’, கன்னம் உப்பிய குழந்தையும் ‘மிஷ்டி’.

2012ல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி நிட்டோனோ குழு ஒரு சோதனை செய்தது. நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்தவர்கள், சின்னத் துளைகளிலிருந்து துண்டுகளை இடுக்கியால் எடுக்கும் வேலையை முன்பைவிடக் கவனமாகச் செய்தார்கள். வளர்ந்த நாய், பூனைப் படங்களுக்கு அந்த அளவு பலனில்லை. பின்னுகிறவர் மேஜையில் ஏன் ஏற்கெனவே ஏழெட்டுப் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு இதையே சாக்காகச் சொல்லிக்கொள்ளலாம்.

கொல்கத்தாவுக்கு ஜப்பான் மோகத்தைக் கார்ட்டூன் சேனல்தான் கொண்டுவந்தது என்று நினைத்தால் தப்பு. 1902லேயே கலை அறிஞர் ஒகாகுரா காகுசோ அங்கே வந்து தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கினார். அடுத்த ஆண்டு யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் வந்தார்கள். தைக்கான் ஓவியத்தின்மேல் தூரிகையால் தண்ணீர் தடவுவதைக் கவனித்தார் அந்தக் குடும்பத்து ஓவியர் அபனீந்திரநாத் தாகூர். தன் படத்தையே தண்ணீரில் முக்கி எடுத்தார். 1905ல் அவர் வரைந்த ‘பாரத மாதா’வின் மங்கலான ஒளி அந்த முக்கலில் கிடைத்தது. அதே மனிதர் கடைசிக் காலத்தில், வீணாகக் கிடந்த வேர், சுள்ளி, மரத்துண்டுகளை எடுத்துப் பறவையும் மிருகமுமாகப் பொம்மை செய்துகொண்டிருந்தார். ‘குடும் காடாம்’ என்று பெயர் வைத்தார். ‘குடும்’ என்றால் உறவுக்காரர். நம் ‘குடும்பத்தை’ ஒட்டி நிற்கும் சொல். அமிகுருமி பின்னுகிறவர்களுக்குக் கொல்கத்தாவில் ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால், நான் கைகாட்டுவது இவரைத்தான்.

எனக்கு ஒரு மனக்குறை. பிக்காச்சு பின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை (விற்க ஆரம்பித்தால் உரிமை யாருடையது என்ற கேள்வி வரும் என்பது தனிக்கதை). ஆனால் பூர்வ பர்தமான் மாவட்டத்தின் நதுன்கிராமத்தில் மரத்தில் செதுக்கிச் சிவப்பும் மஞ்சளும் தீட்டும் ஆந்தை இருக்கிறது. நம்மூரில் ஆந்தை அலறினால் கதவைச் சாத்துவோம். அங்கே அது லட்சுமியின் வாகனம். முகமெல்லாம் கண், கவாய்க்கு இன்னும் என்ன வேண்டும்? ஜப்பானும் வங்காளமும் ஒரே ஊசியில் சந்திக்க, அந்த ஆந்தை கண்ணை உருட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆசை ஒன்று. 1923 செப்டம்பரில், வங்காளக் குழந்தை எழுத்தாளர் சுகுமார் ராய் இறந்து சில நாட்களில், அவருடைய ‘ஆபோல் தாபோல்’ என்ற பாடல் நூல் வெளிவந்தது. அதில் வாத்தும் முள்ளம்பன்றியும் கலந்த ‘ஹாஸ்ஜாரு’வை அவரே வரைந்தும் வைத்திருக்கிறார். பிக்காச்சுவின் போக்கிமான் பிறப்பதற்கு எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னால்! சென்னையில் 2016 ஜனவரியில் குரோஷாக்காரர்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையைப் பின்னிக் கின்னஸில் ஏறினார்கள். இந்த அரைவாத்தைப் பின்ன ஓர் ஆள் போதும். உடம்புக்கு வெள்ளைப் பருத்தி நூல். கொல்கத்தா புழுக்கத்துக்குக் கம்பளியைவிட அதுதான் தாங்கும். அலகுக்கு மஞ்சள். கைக்குழந்தை வாயில் வைக்கும் என்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடலாம். முள்ளைத்தான் குத்தாமல் பின்னவேண்டும்.