வாணலி எண்ணெய்

ஜவ்வாது மலையிலேருந்து சாமை மூட்டையோடு போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கினால், ஒரு பரோட்டா, இரண்டு பஜ்ஜி சாப்பிடாமலா மலையேறுகிறோம்? அந்த வாணலி எண்ணெயைப் பற்றித்தான் இன்று பேச்சு.

கடைக்காரர்களுக்கு ரொம்ப காலம் கைகொடுத்தது வனஸ்பதி. தாவர எண்ணெயிலே ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, நெய் மாதிரி உறைய வைத்த சரக்கு. விலை மலிவு, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. ஆனால் அரைகுறையாக அப்படி மாற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று உண்டாகிறது. அது ரத்தத்திலே கெட்ட கொழுப்பைக் கூட்டும், நல்லதைக் குறைக்கும், மாரடைப்புக்கு வழி. நியூயார்க் நகரம் 2006-இல் ஓட்டல்களில் இதற்குத் தடை போட்டது. பெரிய பர்கர் கம்பெனிகளும் எண்ணெயை மாற்றின. நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதி எதிலும் 100-க்கு 2 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது.

சரி, டின்னிலே நல்ல எண்ணெய்தான் வருகிறது. அதையே மூன்று நாள் காய்ச்சினால்? எண்ணெய் சிதைந்துபோகும். சிதைந்த பொருள் 100-க்கு 25 பங்கைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலை முதல் விதி. அளக்கக் கருவி உண்டு. நமக்குக் கண்ணே போதும். கறுத்து, பாகாகக் கெட்டிப்பட்டு, நுரைத்துப் பொங்கும். லேசான சூட்டிலேயே புகையும். கழித்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி பயோடீசல் தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கடைக்காரருக்கும் முழு நஷ்டமில்லை.

ஜமுனாமரத்தூரிலே வடை போடுகிறவர் நமக்குத் தெரிந்தவர்தானே! "அண்ணே, எண்ணெய் எப்போ மாத்தினீங்க?" என்று கேளுங்க. வீட்டிலும் அப்பளம் பொரித்த எண்ணெய் மிஞ்சினால், வடிகட்டி ஓரிரு நாளிலே தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள்.