நேக்கட் விசையுந்து

நேக்கட் விசையுந்து என்பது காற்றை விலக்கும் மேலுறை இல்லாமல், பொறியும் சட்டகமும் வெளியே தெரியும்படி அமைக்கப்பட்ட சாலை விசையுந்து வகை ஆகும். பேச்சு வழக்கில் இது நேக்கட் பைக் எனப்படுகிறது. பந்தய வண்டிகளின் பொறியை அடிப்படையாகக் கொண்டு, முரட்டுத் தோற்றத்துடன் வரும் நேக்கட் வண்டிகள் ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்றும் அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரை ஏறத்தாழ 100 குதிரைத்திறனும் அதற்கு மேலும் கொண்ட திறன்மிக்க நேக்கட் வண்டிகளைப் பற்றியது.

மிகுந்த வேகத்தில் செல்ல மேலுறை உதவும். அவ்வாறிருக்க, பெருந்திறன் கொண்ட பொறியைப் பொருத்திவிட்டு மேலுறையை மட்டும் விலக்குவது முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். இவ்வண்டிகளின் உச்ச வேகத்தை மட்டும் பார்த்தால் அவற்றின் ஈர்ப்பு விளங்காது. பொறியின் ஆற்றல் சாலையில் வழக்கமாகச் செல்லும் வேகங்களிலேயே கிடைப்பதும், ஓட்டுபவர் அதை உடலால் உணர்வதுமே இவ்வகையின் தனித்தன்மை ஆகும்.

பெயர்

விசையுந்துகள் தோன்றிய காலத்திலிருந்து 1970கள் வரை பெரும்பாலானவை மேலுறை இல்லாதவையாகவே இருந்தன. எனவே அவற்றுக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. 1980களில் முழு மேலுறை கொண்ட வண்டிகள் பெருகிய பின்னரே, மேலுறை இல்லாதவற்றைப் பிரித்துக் காட்ட நேக்கட் என்ற அடைமொழி பரவலானது. ஆடையற்ற என்பது இதன் நேர்ப்பொருள். ரோட்ஸ்டர் என்ற பெயரும் இவ்வகையைக் குறிக்க வழங்குகிறது.

வரலாறு

மேலுறைக்கு முந்திய காலம்

பிரித்தானியாவில் 1948 ஆம் ஆண்டு வெளிவந்த வின்சென்ட் பிளாக் ஷேடோ, 998 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட இரட்டை உருளைப் பொறியுடன் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தை எட்டியது. 1969 இல் ஹோண்டா நிறுவனம் நான்கு உருளைகள் கொண்ட 736 கன செ.மீ. பொறியும் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் உடைய சிபி750 வண்டியை வெளியிட்டது. 1972 இல் கவாசாகி நிறுவனத்தின் 903 கன செ.மீ. இசட்1 வந்தது. அதன் திறன் 82 குதிரைத்திறன் ஆகும். இவை யாவும் மேலுறையற்றவை. பொறிகளின் திறன் உயர உயர, காற்றின் எதிர்ப்பைத் தாங்கி நெடுந்தொலைவு ஓட்டுவது கடினமாயிற்று.

மேலுறையின் வருகை

காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைக்கப்பட்ட முழு மேலுறையுடன் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1976 இல் ஆர்100ஆர்எஸ் வண்டியை வெளியிட்டது. 1985 இல் வந்த சுசூக்கி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750, பந்தய வண்டியின் உடலமைப்பைச் சாலைக்குக் கொண்டுவந்தது. இதன் பின்னர் திறன்மிக்க வண்டி என்றாலே முழு மேலுறையும், தாழ்ந்த ஹேண்டில்பாரும், குனிந்து அமரும் இருக்கையும் என்ற நிலை ஏற்பட்டது.

மீள்வருகை

நேக்கட் வண்டிகள் மூன்று வழிகளில் மீண்டும் செல்வாக்குப் பெற்றன.

முதலாவது, ஜப்பானின் உள்நாட்டுச் சந்தை. 1989 இல் வெளிவந்த கவாசாகி ஜெஃபர், 1970களின் வண்டிகளை நினைவூட்டும் எளிய தோற்றம் கொண்டது. அது பெற்ற வரவேற்பைத் தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் இவ்வகையில் கவனம் செலுத்தின. ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் 1992 இல் வந்தது.

இரண்டாவது, இத்தாலி. டுகாட்டி நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மிகேல் கலுட்சி, நிறுவனத்தின் பிற வண்டிகளில் ஏற்கனவே இருந்த பாகங்களை ஒருங்கிணைத்து மான்ஸ்டர் எம்900 வண்டியை உருவாக்கினார். அதன் 904 கன செ.மீ. பொறி 900எஸ்எஸ் வண்டியிலிருந்து வந்தது. சட்டகம் 851 வண்டியின் வழிவந்தது. 1992 இல் கொலோன் நகரக் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1993 இல் விற்பனைக்கு வந்தது. குழாய்களைப் பின்னிச் செய்த அதன் சட்டகம் மறைக்கப்படாமல் தோற்றத்தின் முதன்மைக் கூறாகவே ஆக்கப்பட்டது. 2005 வாக்கில் டுகாட்டியின் உலக விற்பனையில் பாதிக்கும் மேற்பட்டவை மான்ஸ்டர் வண்டிகளாக இருந்தன. 2021 ஆம் ஆண்டின் மான்ஸ்டரில் குழாய்ச் சட்டகம் கைவிடப்பட்டு அலுமினியச் சட்டகம் இடம்பெற்றது.

மூன்றாவது, பிரித்தானியாவின் தனியார் பட்டறைகள். விழுந்து உடைந்த பந்தய வகை வண்டிகளின் மேலுறையை மாற்றப் பெருஞ்செலவு ஆகும். ஆகவே சிலர் உடைந்த உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, உயர்ந்த ஹேண்டில்பாரையும் தனி முகப்பு விளக்குகளையும் பொருத்தி ஓட்டினர். ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்ற சொல் இவ்வழக்கத்தோடு வளர்ந்தது. சிக்கனத்தில் பிறந்த இத்தோற்றத்தை நிறுவனங்கள் பின்னர் தாமே உற்பத்தி செய்யத் தொடங்கின. டிரையம்ப் நிறுவனம் 1997 இல் வெளியிட்ட ஸ்பீட் டிரிபிள் டி509, இரட்டை வட்ட விளக்குகளுடன் இவ்வழக்கத்தை வெளிப்படையாகத் தழுவியது.

இயங்கும் தன்மை

காற்றும் வேக உணர்வும்

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்திற்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகவும், தேவையான திறன் எட்டு மடங்காகவும் ஆகும்.

நிமிர்ந்து அமர்ந்த ஒருவரின் உடல் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு அரை சதுர மீட்டர் எனவும், இழுவைக் கெழு 1 எனவும் கொண்டு கணக்கிட்டால், அவர் மீது காற்று செலுத்தும் விசை பின்வருமாறு அமையும்:

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில்: ஏறத்தாழ 24 கிலோகிராம் எடைக்குச் சமம்
மணிக்கு 160 கி.மீ. வேகத்தில்: ஏறத்தாழ 60 கிலோகிராம் எடைக்குச் சமம்
மணிக்கு 200 கி.மீ. வேகத்தில்: ஏறத்தாழ 94 கிலோகிராம் எடைக்குச் சமம்

அதாவது 200 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவரின் எடையை விட மிகுதியான விசை அவரைப் பின்னோக்கித் தள்ளக்கூடும். கைகளால் ஹேண்டில்பாரைப் பற்றியே அவர் அதைத் தாங்க வேண்டும். உடல் மீதான இவ்விசையை மட்டும் வெல்வதற்கு 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 9 குதிரைத்திறனும், 200 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 70 குதிரைத்திறனும் செலவாகும்.

இதன் விளைவு முக்கியமானது. முழு மேலுறைக்குள் குனிந்திருப்பவருக்கு 150 கி.மீ. வேகமும் அமைதியாகத் தோன்றலாம். நேக்கட் வண்டியில் 100 கி.மீ. வேகமே மார்பிலும் தோளிலும் தெளிவாக உணரப்படும். குறைந்த வேகத்திலேயே வேகமாகச் செல்லும் நிறைவு கிடைப்பதால், வேகக் கட்டுப்பாடு உள்ள சாலைகளுக்கு இவ்வகை பொருந்துகிறது எனலாம்.

திறனும் முறுக்கு விசையும்

பந்தய வகை வண்டியின் பொறி மிக உயர்ந்த சுழல்வேகத்தில் உச்சத் திறனைத் தரும்படி அமைக்கப்படுகிறது. நேக்கட் வண்டிக்காக அதே பொறி, தாழ்ந்த மற்றும் இடைப்பட்ட சுழல்வேகங்களில் முறுக்கு விசை மிகும்படி பெரும்பாலும் மாற்றப்படுகிறது.

பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் இரு வண்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முழு மேலுறை கொண்ட எஸ்1000ஆர்ஆர், 2014 வரை 193 குதிரைத்திறனை நிமிடத்திற்கு 13,000 சுற்றுகளில் தந்தது. அதே 999 கன செ.மீ. பொறியின் வழிவந்து 2014 இல் விற்பனைக்கு வந்த நேக்கட் வண்டியான எஸ்1000ஆர், 160 குதிரைத்திறனை 11,000 சுற்றுகளில் தந்தது. உச்ச முறுக்கு விசை இரண்டிலும் 112 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் நேக்கட் வண்டியில் அது 500 சுற்றுகள் முன்னதாகவே கிடைத்தது. நகரத்திலும் மலைப்பாதையிலும் பொறி 13,000 சுற்றுகளைத் தொடும் வாய்ப்பு அரிது. எனவே இழந்த 33 குதிரைத்திறனை விட, தாழ்ந்த சுழல்வேகத்தில் கிடைத்த கூடுதல் விசையே அங்கே பயன்படும்.

முன் சக்கரம் எழும் வரம்பு

விசையுந்தின் முடுக்கத்திற்கு இயற்பியல் ஒரு வரம்பை விதிக்கிறது. முடுக்கம் ஓர் அளவைத் தாண்டினால் முன் சக்கரம் தரையை விட்டு எழும். இது வீலி எனப்படுகிறது. ஈர்ப்பு மையத்தின் உயரமும், பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஈர்ப்பு மையம் முன்னோக்கி அமைந்துள்ள தொலைவும் சமம் எனக் கொண்டால், இவ்வரம்பு புவியீர்ப்பு முடுக்கத்திற்குச் சமமாகும்.

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 280 கிலோகிராம் எனக் கொள்வோம். காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்காவிடில், இவ்வரம்பை எட்ட 60 கி.மீ. வேகத்தில் சக்கரத்தில் ஏறத்தாழ 62 குதிரைத்திறன் போதும். 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 104 குதிரைத்திறன் போதும். ஆகவே 100 கி.மீ. வேகத்திற்குள், 200 குதிரைத்திறன் கொண்ட வண்டி தன் ஆற்றலில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் முடுக்கத்திற்குப் பயன்படுத்த இயலாது. நிமிர்ந்து அமர்வதால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, நேக்கட் வண்டியில் இவ்வரம்பு மேலும் குறைகிறது. எனவே இவ்வண்டிகளில் பொறியின் திறன் எவ்வளவு என்பதை விட, முடுக்கியைத் திருகும் அளவுக்கேற்ப அது எவ்வளவு சீராக வெளிப்படுகிறது என்பதே ஓட்டும் தன்மையைத் தீர்மானிக்கிறது.

அமரும் நிலை

அகன்ற, உயர்ந்த ஹேண்டில்பார் நெம்புகோல் போலச் செயல்படுவதால், சிறு விசையிலேயே வண்டியைச் சாய்த்துத் திருப்ப முடிகிறது. முதுகு நிமிர்ந்திருப்பதால் மணிக்கட்டுகளில் உடல் எடை குறைவாகவே விழுகிறது. கண்கள் உயர்ந்த நிலையில் இருப்பதால் முன் செல்லும் வாகனங்களுக்கு அப்பாலும் பார்க்க முடிகிறது.

தோற்றம்

மேலுறை இல்லாததால் குழாய்கள், மின்கம்பிகள், ரேடியேட்டர் ஆகிய அனைத்தும் கண்ணில் படும். ஆகவே பொறியாளரின் ஒவ்வொரு தீர்வும் வடிவமைப்பின் பகுதியாகிறது. காற்றால் குளிரூட்டப்படும் பொறிகளின் துடுப்புகள் இயல்பாகவே அழகாகக் கருதப்பட்டன. நீரால் குளிரூட்டும் முறை பரவிய பின்னர், ரேடியேட்டரையும் அதன் குழாய்களையும் ஒழுங்காக அமைப்பது வடிவமைப்பாளர்களுக்குச் சவாலாயிற்று.

குறிப்பிடத்தக்க வண்டிகள்

டுகாட்டி மான்ஸ்டர் எம்900 (1993): 904 கன செ.மீ., இரட்டை உருளை
டிரையம்ப் ஸ்பீட் டிரிபிள் டி509 (1997): 885 கன செ.மீ., மூன்று உருளை
யமஹா எம்டி-09 (2013): 847 கன செ.மீ., மூன்று உருளை
கேடிஎம் 1290 சூப்பர் டியூக் ஆர் (2014): 1301 கன செ.மீ., இரட்டை உருளை, 180 குதிரைத்திறன்
கவாசாகி இசட் எச்2 (2020): 998 கன செ.மீ., நான்கு உருளை, காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜருடன் 200 குதிரைத்திறன்
டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4 (2020): 1103 கன செ.மீ., நான்கு உருளை, 208 குதிரைத்திறன்

மேற்கண்டவற்றுள் முதல் வண்டியின் திறன் 100 குதிரைத்திறனுக்கும் குறைவே. 27 ஆண்டுகளில் இவ்வகையின் உச்சத் திறன் இரு மடங்கிற்கும் மேல் உயர்ந்துள்ளது. ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4 வண்டியில் முன் சக்கரத்தைத் தரையோடு அழுத்துவதற்காகப் பக்கவாட்டில் சிறகுகள் பொருத்தப்பட்டன. காற்றை மறந்து தொடங்கிய வகை மீண்டும் காற்றியக்கவியலிடமே வந்து சேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

குறைகள்

நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓட்டும்போது காற்றின் விசையால் கழுத்தும் தோள்களும் களைப்படைகின்றன. மழை, குளிர், பூச்சிகள் ஆகியவற்றிலிருந்து காப்பு மிகக் குறைவு. நெரிசலில் மெதுவாகச் செல்லும்போது பெரிய பொறியின் வெப்பம் கால்களைத் தாக்கும். திறன்மிக்க பொறி பின் சக்கர டயரை விரைவில் தேய்க்கும்.

பாதுகாப்பும் உரிமமும்

நிமிர்ந்த இருக்கையும் எளிதான திருப்பமும் இவ்வண்டிகளைப் பழகுவதற்கு எளியவையாகக் காட்டுகின்றன. ஆபத்தும் இதில்தான் உள்ளது. தாழ்ந்த சுழல்வேகத்திலேயே பெரும் முறுக்கு விசை கிடைப்பதால், முடுக்கியைச் சற்று மிகுதியாகத் திருகினாலும் பின் சக்கரம் வழுக்கலாம் அல்லது முன் சக்கரம் எழலாம். ஈரமான சாலையில் இது விரைவில் விபத்தாக முடியும். வேகத்தை உடலுக்கு உணர்த்தும் காற்று, முடுக்கத்தின் வரம்பை முன்கூட்டி உணர்த்துவதில்லை.

இதனைக் குறைக்க, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ், பின் சக்கர வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, வீலியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஆகியவை பயன்படுகின்றன. வண்டியின் சாய்வை உணரிகளால் அளந்து, வளைவில் செல்லும்போதும் பிரேக் விசையைச் சீராக்கும் ஏபிஎஸ் அமைப்பு 2010களில் பரவத் தொடங்கியது. இவ்வமைப்புகள் பிழையின் விளைவைக் குறைக்கும். டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பை அவற்றால் கூட்ட இயலாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் விசையுந்து உரிமம் திறனுக்கேற்பப் படிநிலையாக வழங்கப்படுகிறது. 18 வயதில் கிடைக்கும் ஏ2 உரிமம் 35 கிலோவாட் வரையிலான வண்டிகளுக்கே செல்லும். கட்டுப்பாடற்ற ஏ உரிமத்தை, ஏ2 உரிமத்துடன் இரண்டு ஆண்டுகள் கழித்தோ அல்லது 24 வயதில் நேரடியாகவோ பெறலாம். இந்தியாவில் திறனை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய படிநிலை இல்லை. கியர் உள்ள விசையுந்துக்கான உரிமத்தை 18 வயதில் பெற்றவர், 100 கன செ.மீ. வண்டியையும் 200 குதிரைத்திறன் வண்டியையும் ஒரே உரிமத்தில் ஓட்டலாம். எனவே படிப்படியாகப் பழகும் பொறுப்பு ஓட்டுபவரிடமே விடப்பட்டுள்ளது. 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட விசையுந்துகளுக்கு ஏபிஎஸ், புதிய வகைகளில் 2018 ஏப்ரல் முதலும் ஏனையவற்றில் 2019 ஏப்ரல் முதலும் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

இந்தியாவில்

1983 இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்டி350 வண்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் வெளியிட்டது. 347 கன செ.மீ. இருவீச்சுப் பொறி கொண்ட அது, அக்கால இந்தியச் சாலைகளில் மிகத் திறன்மிக்க வண்டியாக விளங்கியது. 2013 இல் 373 கன செ.மீ. கேடிஎம் 390 டியூக், மகாராட்டிரத்தின் சாகன் நகரிலுள்ள பஜாஜ் ஆலையிலிருந்து வந்தது. 2015 இல் அறிமுகப்படுத்தப்பட்ட 313 கன செ.மீ. பி.எம்.டபிள்யூ ஜி310ஆர், தமிழ்நாட்டின் ஒசூரிலுள்ள டிவிஎஸ் ஆலையில் உற்பத்தி செய்யப்பட்டுப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியானது. இவை பெரிய நேக்கட் வண்டிகளின் அளவுக்குத் திறன் கொண்டவை அல்ல. எனினும் மேலுறையற்ற உடல், நிமிர்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில்பார் ஆகிய அதே கொள்கைகளைச் சிறிய அளவில் பின்பற்றுபவை. படிநிலை உரிமம் இல்லாத நாட்டில், பெரிய வண்டிக்குச் செல்லுமுன் பழகுவதற்கு இத்தகைய வண்டிகள் ஒரு படியாக அமைகின்றன.

இவற்றையும் பார்க்க

விசையுந்து
முறுக்கு விசை
காற்றியக்கவியல்
உள் எரி பொறி