இடம் மாறினால் இலை உதிர்க்கும் பெஞ்சமினா

ஆல், அரசு, அத்தி ஆகியவை அடங்கிய ஃபைகஸ் பேரினத்தைச் சேர்ந்த பெஞ்சமினா, இன்று அடுக்குமாடி வீடுகளின் கூடங்களிலும் விடுதிகளின் வரவேற்பறைகளிலும் அலுவலக வாயில்களிலும் தொட்டிச் செடியாகவே காணப்பட்டாலும், இயல்பில் அது 30 மீட்டர் உயரம் வரை வளரக்கூடிய பெருமரமாகும். இந்தியாவிலிருந்து தென்சீனம், தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இயற்கையாகப் பரவியுள்ள இம்மரத்துக்கு, சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1767இல் ஃபைகஸ் பெஞ்சமினா என்று அறிவியல் பெயர் சூட்டினார். தாய்லாந்தின் தலைநகரான பாங்காக், இதைத் தன் நகர மரமாக ஏற்றிருக்கிறது. இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பெரும் புல்வெளியில் குடை விரித்து நின்று புகழ்பெற்ற ஜாவா அத்தி மரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நர்சரியில் மூன்றடி உயரத்தில் வாங்கப்படும் செடி எத்தகைய மரத்தின் கன்று என்பதை இவ்விரண்டும் உணர்த்தும்.

சாம்பல் நிறப் பட்டையும் நுனி தாழ்ந்து தொங்கும் மெல்லிய கிளைகளும் இதன் அடையாளங்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள பளபளப்பான இலையின் ஓரம் இலேசாக அலைபோல் நெளிந்திருக்கும். நுனி கூர்மையாக நீண்டிருப்பதால், மழைக்காட்டில் விழும் நீர் இலைமேல் தேங்காமல் வழிந்துவிடுகிறது. இளங்கிளையை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் தண்டைச் சுற்றி மெல்லிய வளையத் தழும்பு ஒன்று தெரியும். குருத்தை மூடியிருந்த செதிலுறை விழுந்த இடம் அது. ஆலிலும் அரசிலும் இதே வளையத்தைக் காணலாம். எங்கே கீறினாலும் வெண்பால் கசிவதும் இக்குடும்பத்தின் பொதுப் பண்பு.

நர்சரிகளில் 'ஃபைகஸ்' என்ற பொதுப்பெயரிலேயே விற்கப்படும் இச்செடியில், முழுப் பச்சை இலை கொண்ட வகையோடு, வெள்ளை விளிம்புடைய ஸ்டார்லைட் போன்ற வகைகளும் கிடைக்கின்றன. இலையின் வெண்பகுதியில் பச்சையம் இல்லாததால், இத்தகைய வகைகளுக்குப் பச்சை வகையைவிடக் கூடுதல் ஒளி தேவை. இரண்டு மூன்று கன்றுகளின் தண்டுகளைச் சடையாகப் பின்னி விற்கும் வழக்கமும் உண்டு. பார்வைக்கு அழகாக இருந்தாலும், தண்டுகள் பருக்கும்போது ஒன்றையொன்று நெரிப்பதும் அவற்றுள் ஒன்று பட்டுப்போவதும் நடப்பதால், நீண்ட காலம் வளர்க்க விரும்புவோருக்கு ஒற்றைத் தண்டுச் செடியே ஏற்றது.

பெஞ்சமினாவை வாங்கியவர்களின் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: நர்சரியில் அடர்ந்து நின்ற செடி, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் பாதி இலைகளை உதிர்த்துவிடுகிறது. இதை நோய் என்று கருதி மருந்து தெளிப்பதும், தாகம் என்று கருதித் தினமும் தண்ணீர் ஊற்றுவதும், உடனே உரம் போடுவதும் வழக்கமாக இருக்கின்றன. உண்மையில் அந்த உதிர்வு, செடி தன் புதிய இடத்தின் ஒளியைக் கணக்கிட்டு எடுக்கும் முடிவாகும்.

இதற்கு இலையின் அமைப்பை அறிய வேண்டும். திறந்தவெளியில் நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு. வெளிச்சமான ஜன்னலோரத்தில் அது சில ஆயிரங்களாகவும், அறையின் உட்பகுதியில் சில நூறுகளாகவும் குறைந்துவிடுகிறது. கண்மணி சுருங்கி விரிந்து ஈடுகட்டுவதால், மனிதக் கண்ணுக்கு இந்த வீழ்ச்சி எளிதில் தெரிவதில்லை. வெயிலில் வளர்ந்த பெஞ்சமினாவின் இலைகள் தடிப்பாகவும் ஓரளவு சிறியனவாகவும் இருக்கும். நிழலில் துளிர்த்த இலைகளோ மெல்லியனவாக, அகன்று, கரும்பச்சையாக இருக்கும். இலை ஒளியைக் கொண்டு உண்டாக்கும் சர்க்கரையும் அது சுவாசிப்பதற்குச் செலவிடும் சர்க்கரையும் சமமாகும் ஒளியளவை 'ஈட்டொளி நிலை' என்பர். வெயில் இலைக்கு இந்த நிலை உயரத்தில் இருப்பதால், மங்கலான கூடத்தில் அது உண்டாக்குவதைவிட அதிகமாகச் செலவழிக்கத் தொடங்குகிறது; அத்தகைய இலையை வைத்திருப்பது செடிக்கு நட்டம்.

நட்டம் தரும் இலையைச் செடி முறையாகவே கழித்துக்கட்டுகிறது. நலமாக இருக்கும் இலை, ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருளைக் காம்பின் வழியே இடையறாது அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வரத்து குறைந்ததும், காம்பின் அடியில் உள்ள குறுகிய செல்வரிசை எத்திலீன் வாயுவின் தூண்டுதலுக்கு ஆட்பட, அங்கு சுரக்கும் நொதிகள் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருளைக் கரைத்துவிடுகின்றன. இலை கழன்று விழ, காயத்தைத் தக்கைப்படலம் மூடிக்கொள்கிறது. வாழையும் மாவும் பழுக்கக் காரணமான அதே எத்திலீன்தான் இங்கும் வேலை செய்கிறது. காற்றோட்டமின்றி மூடிய லாரியில் நெடுந்தூரம் வந்த செடிகள் இறக்கிய சில நாட்களிலேயே இலை கொட்டுவதற்கு, தேங்கிய எத்திலீனும் இருட்டும் சேர்ந்து காரணமாகலாம்.

அமெரிக்காவில் வீட்டுச் செடி வணிகம் பெருகிய 1970களில், ஃபுளோரிடா மாநிலத்தின் அப்பாப்காவில் இயங்கிய பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் கோனோவர், பூல் ஆகியோர் இச்சிக்கலை ஆராய்ந்து, விற்பனைக்கு முன் செடிகளை நிழல்வலையின் கீழ் வளர்த்து, உரத்தையும் குறைத்துவந்தால் அறைக்குள் இலையுதிர்வு வெகுவாகக் குறையும் என்று காட்டினர். செடியைப் புதிய சூழலுக்குப் படிப்படியாகப் பழக்கும் இம்முறை 'இணக்கப்படுத்தல்' எனப்படுகிறது. வாங்கும்போது, செடி வெட்டவெளியில் நின்றதா நிழல்வலைக்குள் நின்றதா என்று நர்சரிக்காரரிடம் கேட்பது, விலையைக் கேட்பதைவிட முக்கியமான கேள்வியாகும். வெயிலில் நின்ற செடிதான் கிடைத்தது எனில், பால்கனியின் நிழலில் மூன்று நான்கு வாரங்கள் வைத்திருந்து, பின்னர் ஜன்னலருகே கொண்டுவரலாம்.

வீட்டினுள் கிழக்கு ஜன்னலோரமே இதற்கு மிகச் சிறந்த இடம். காலை வெயில் ஓரிரு மணி நேரம் படுவது நல்லது. மேற்கு ஜன்னலாயின், கோடைக்காலப் பிற்பகல் வெயிலைத் திரைச்சீலையால் தணிக்க வேண்டும். ஏ.சி.யின் குளிர்க்காற்று நேராகப் படும் இடமும், அடிக்கடி திறந்து மூடப்படும் வாசலோரமும் ஆகா. இடம் தேர்ந்துவிட்டால் பிறகு செடியை நகர்த்தலாகாது. விருந்தினர் வருகைக்காகக் கூடத்துக்கும், விழா முடிந்ததும் பால்கனிக்கும் தூக்கிச் செல்லப்படும் பெஞ்சமினா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தவணை இலையை உதிர்க்கிறது. ஒரே இடத்தில் விடப்பட்டால், உதிர்ந்த இடங்களில் ஒரு மாதம் இரண்டு மாதத்தில் அறையின் ஒளிக்கேற்ற புதிய இலைகள் துளிர்க்கும். அதுவரை பொறுத்திருப்பதே கடினமான பராமரிப்பு. கிளை உயிரோடிருக்கிறதா என்று ஐயம் எழுந்தால், பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்க்கலாம். அடியில் பச்சை தெரிந்தால் கவலை வேண்டியதில்லை.

இலையுதிர்வால் இறக்கும் செடிகளைவிட, அதைக் கண்டு அஞ்சி ஊற்றப்படும் தண்ணீரால் இறக்கும் செடிகளே மிகுதி. இலை குறைந்த செடி நீரைக் குறைவாகவே உறிஞ்சும். முன்போலவே ஊற்றிக்கொண்டிருந்தால் மண் சேறாகி, வேருக்குக் காற்று கிடைக்காமல், அழுகல் தொடங்கும். அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாததால் இலைகள் மீண்டும் மஞ்சளாகி விழ, அது தாகமாகத் தோன்றி மேலும் நீர் ஊற்றப்படுகிறது. வாரத்துக்கு இத்தனை முறை என்று விதி வகுப்பது பயன்தராது. விரலை மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் நுழைத்து, அது உலர்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றி, அரைமணி நேரத்தில் அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் பால்கனியில் நிற்கும் செடிக்கு நாள்தோறும் தேவைப்படும் நீர், ஏ.சி. அறையில் நிற்கும் செடிக்கு வாரம் ஒருமுறையே போதுமானதாக இருக்கும். உப்பு மிகுந்த போர் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில், மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு படிந்து, இலைநுனிகள் கருகும். மாதம் ஒருமுறை மழைநீரையோ நல்ல தண்ணீரையோ நிறைய ஊற்றி வடியவிட்டால் அந்த உப்பு கழுவப்படும்.

செம்மண், மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, சிறிது கரட்டு மணலும் சேர்த்தால் மண்கலவை அமைந்துவிடும். கெட்டிக் களிமண் உருண்டையோடு வரும் செடியாயின், அதைச் சுற்றி இலேசான கலவையை மட்டும் இட்டுவிட்டால், நீர் உருண்டைக்குள் இறங்காமல் ஓரமாகவே வடிந்துபோகும். ஆகவே உருண்டையின் வெளிப்புறத்தைச் சற்றே உதிர்த்துவிட்டு நடுவது நல்லது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, கத்திரி கழிந்த பின், ஓரளவே பெரிய தொட்டிக்கு மாற்றலாம். புதுத்துளிர் விடும் காலத்தில் நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும். இலை உதிர்த்துக்கொண்டிருக்கும் செடிக்கு உரம் கூடாது.

பூச்சிகளுள் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் அடிக்கடி வருபவை. இலைகள் பிசுபிசுப்பதும் தண்டில் எறும்புச் சாரி ஊர்வதும் அவற்றின் வரவைக் காட்டிக்கொடுக்கும். பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்புகள் வருகின்றன. ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலக்கி, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்து, வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் தொடரலாம். பெஞ்சமினாவுக்கே உரிய இன்னொரு தொல்லை, கைனைகோத்ரிப்ஸ் என்னும் இலைப்பேன். இது தாக்கிய இளம் இலை நடுநரம்பை ஒட்டிச் சிப்பிபோல் இரண்டாக மடிந்துகொள்ளும். பிரித்துப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள கரிய பூச்சிகளும் முட்டைகளும் உள்ளே இருக்கும். மடிந்த இலைக்குள் மருந்து எட்டாததால், அத்தகைய நுனிகளைக் கத்தரித்து உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துவதே பயன்தரும்.

கத்தரிக்கும்போது கசியும் பாலைக் கையுறை அணிந்து கையாள வேண்டும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு உண்டாகும். நாய் பூனைகள் இலையைத் தின்றால் வாயும் வயிறும் புண்படும். செடிகளைப் பராமரிக்கும் தொழிலாளரிடையே சுவீடனில் 1980களில் நடந்த ஆய்வுகள், இப்பாலில் உள்ள புரதங்கள் இலைத்தூசியோடு காற்றில் கலந்து தும்மல், மூச்சிரைப்பு போன்ற ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்று காட்டின. ஆஸ்துமா உள்ளவர்களும் ரப்பர்க் கையுறை ஒவ்வாதவர்களும் படுக்கையறையில் இச்செடியை வைக்காதிருப்பது நன்று. மற்ற வீடுகளிலும் இலைகளை ஈரத்துணியால் துடைத்துவருவது, தூசியைக் குறைப்பதோடு இலைக்கு எட்டும் ஒளியையும் கூட்டும்.

இச்செடி அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்னும் விளம்பரத்தை அளவோடு ஏற்க வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக வுல்வர்ட்டன் 1989இல் வெளியிட்ட ஆய்வில் பெஞ்சமினாவும் இடம்பெற்றது உண்மை. ஆனால் அச்சோதனைகள் காற்றுப் புகாத சிறு அறைப்பெட்டிகளில் செய்யப்பட்டவை. இத்தகைய ஆய்வுகளை 2019இல் மறுபரிசீலனை செய்த கம்மிங்ஸ், வேரிங் ஆகியோர், கட்டடங்களில் இயல்பாக நிகழும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டனர். ஜன்னலைத் திறந்துவைப்பதே மலிவான வழி.

கூரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்ட பெஞ்சமினாவை வீட்டுச் சுவரோரம் தரையில் நட்டுவிடும் பழக்கமே எல்லாவற்றிலும் பெரிய தவறு. தொட்டியை விட்டு விடுபட்ட வேர், ஈரம் தேடிக் கழிவுநீர்க் குழாயின் இணைப்புகளுக்குள் புகும், நடைபாதைக் கற்களைப் பெயர்க்கும், சுற்றுச்சுவரை விரிசலாக்கும். பூங்கா, ஏரிக்கரை போன்ற பரந்த வெளி இல்லாதவர்கள், தொட்டி மாற்றும் காலத்தில் வெளிவேரில் கால்பங்கையும், அதற்கு ஈடாகக் கிளைகளையும் கத்தரித்து, மீண்டும் அதே தொட்டியில் புதுமண்ணோடு வைக்க வேண்டும். ஆலின் பேரினத்தைச் சேர்ந்த இச்செடி அந்தக் கத்தரிப்பை நன்றாகத் தாங்கும். போன்சாய் வளர்ப்போர் இதை விரும்பித் தேர்வதற்கும் அதுவே காரணம்.