தண்டவாளம் போன பிறகு

சக்கரத்தில் ஃபிரான்ஸ் – 9

சென்ற வாரம் லுவார் நதிக்கரையில் விட்டேன். அழகான பாதைதான், குறை சொல்ல மனசில்லை. ஆனால் அதன் சுமார் 900 கிலோமீட்டர் முழுவதும் சைக்கிள்காரனுக்குத் தனி வழி என்று சொல்ல முடியாது. நாலு ஊர் தாண்டினால் கிராமத்துச் சாலையில் ஏற்றி விட்டுவிடுவார்கள். காரோட்டிகள் நல்லவர்கள், ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டால் தோள் தானாக இறுகிவிடுகிறது. அந்தச் சத்தமே இல்லாத ஒரு முழு நாள் வேண்டும் என்ற ஆசையில்தான் பர்கண்டியின் தெற்கே, சோன்-எ-லுவார் மாவட்டத்துக்கு ரயில் ஏறினேன்.

ஷலோன் நிலையத்தில் சைக்கிளை இறக்கினேன். புகைப்படக் கலையின் முன்னோடி நிசெஃபோர் நியெப்ஸ் 1765-ல் பிறந்த ஊர் இது. அவர் பெயரில் நல்ல மியூசியம் இருக்கிறது. அரை மணியில் ஓடி வந்துவிட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மனசெல்லாம் மேற்கே இருக்கும் ஜிவ்ரி என்ற சிற்றூரில் இருந்தது.

ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். 1997-ல் திறந்த இந்தப் பாதைதான் ஃபிரான்ஸின் முதல் ‘வுவா வெர்த்’ – நேராகச் சொன்னால் பச்சை வழி. இப்போது நாடெங்கும் இந்தப் பெயர்ப் பலகை உண்டு. 2004-ல் சாலைச் சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள்: நடப்பவர், சைக்கிள், குதிரை போகலாம், மோட்டார் வண்டி கூடாது.

இது ரயில் ஓடிய தடம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிரான்ஸுக்கு ரயில் பித்துப் பிடித்திருந்தது. 1879-ல் பொதுப்பணி அமைச்சர் ஷார்ல் த ஃப்ரேசினே கொண்டுவந்த திட்டத்தின் கனவு, நம் தாலுகா தலைநகர் மாதிரியான ஒவ்வொரு சிற்றூருக்கும் ரயில் போக வேண்டும் என்பது. போயும் விட்டது. அப்புறம் பஸ் வந்தது, கார் வந்தது. 1938-ல் தனியார் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாக்கி தேசிய ரயில்வே ஆக்கியபோது, கூட்டமில்லாத கிளைப் பாதைகளுக்குக் கொத்துக் கொத்தாகச் சீட்டுக் கிழித்தார்கள். மிச்சமிருந்தவற்றில் பலவும் அடுத்த சில பத்தாண்டுகளில் மூடின. தண்டவாளம் போயிற்று, கட்டைகள் போயின. போகாமல் கிடந்தது அந்த மேடு மட்டும். அதன் மேல் தார் ஊற்றினால் சைக்கிள் வழி.

மிதிக்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. பக்கவாட்டில் திராட்சைத் தோட்டங்கள் மேடும் பள்ளமுமாகப் போகின்றன. என் சக்கரத்துக்குக் கீழே மட்டும் எதுவும் நடக்கவில்லை. கியர் மாற்ற வேலையே இல்லை. நீராவி எஞ்சினுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. கொஞ்சம் செங்குத்தாகப் போனால் எஞ்சின் மூச்சுவாங்கி நின்றுவிடும், சக்கரம் வழுக்கும். அதனால் நூறு மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் வராதபடி, பள்ளத்தில் மண்ணைக் கொட்டினார்கள், மேட்டைக் குடைந்து வெட்டினார்கள். எஞ்சினின் பலவீனத்துக்காகச் செய்த அந்த மண்வேலையெல்லாம், பையில் மூன்று நாள் துணி சுமந்து வரும் ஐம்பது வயதுக்காரனின் முழங்காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் வரும் புக்ஸி ஒயினுக்குப் பேர்போன ஊர். எழுத்தைப் பார்த்து ‘புக்ஸி’ என்று சொல்லிவிடாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் ‘புஸ்ஸி’ என்பார்கள். அடுத்து சான்-ஜாங்கூ-ல-நசியோனால். ஒரு காலத்தில் இதன் வால் ‘ராஜாவினுடைய’ என்று இருந்தது. ராஜாக்கள் போய்க் குடியரசு நிலைத்த பிறகு ‘தேசத்தினுடைய’ என்று மாற்றிவிட்டார்கள். தெருப்பெயர் மாற்றும் ஆர்வம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வழியில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தவை கேட் கீப்பர் வீடுகள். சாலை குறுக்கிடும் இடத்தில் பாதையை ஒட்டி ஒரு குட்டி ஓட்டு வீடு நிற்கும். சட்டென்று பார்த்தால் பொம்மை வீடு மாதிரி. ரயில் ஓடிய நாட்களில் கணவன் தடத்தில் கூலி வேலைக்குப் போக, லெவல் கிராசிங் கேட்டை ஏற்றி இறக்கும் வேலையைப் பல இடங்களில் மனைவிதான் பார்த்தாள். ராத்திரி ரயிலுக்கும் எழுந்து வர வேண்டும். இன்று அந்த ஜன்னல்களில் ஜெரேனியம் பூக்கிறது, கொடியில் துணி காய்கிறது. கேட் இருந்த இடத்தில் கார் நுழையாதபடி இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பை தொங்கும் சைக்கிளை அதற்குள் வளைத்து ஓட்டுவது தனி வித்தை. மூன்றாவது தடுப்பில் கற்றுக்கொண்டேன், இரண்டாவதில் விழுந்த பிறகு.

இனி ஒரு மனத்தாங்கல். இந்த வழி பல ஊர்களைத் தொடுவதில்லை. ஊர் குன்றின் மேல் இருக்கும், சர்ச் கோபுரம் தெரியும். எஞ்சினால் அங்கே ஏற முடியாதே, அதனால் நிலையத்தைக் கீழே கட்டி ‘இன்ன ஊர்’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். எந்தச் சமதளம் முழங்காலைக் காப்பாற்றியதோ அதே சமதளம் ஊரை மறைத்துவிடுகிறது. மரநிழல், வயல், வெள்ளை வெளேரென்ற ஷாரோலே மாடுகள், மறுபடியும் மரநிழல். ஒரு மணி நேரம் சொர்க்கம். மூன்றாவது மணியில் லேசாகத் தூக்கம் வருகிறது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே விலகி, மூச்சிரைக்க மேலே ஏறினால்தான் ஃபிரான்ஸ் கிராமம் கண்ணில் படும்.

ஏறினாலும் பன்னிரண்டுக்கு முன்னால் ஏறுங்கள். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை கடைகள் பலவற்றில் கதவு சாத்தியிருக்கும். திங்கட்கிழமை பல பேக்கரிகளுக்கு விடுமுறை. பிரெட்டும் சீஸும் முந்தின நாளே பையில் இருக்கட்டும். தண்ணீருக்கு, இந்த நாட்டில் சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனை ஒன்று உண்டு: கல்லறைத் தோட்டம். கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்க உதவாது என்று பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல்முறை பாட்டிலை நீட்டும்போது கை கூசியது. வெயிலில் அந்தக் கூச்சம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கொர்மாத்தானில் 17-ம் நூற்றாண்டு மாளிகை. அதைத் தாண்டினால் தெஸே குன்று. 1940-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ரோஜே என்ற இளைஞர் அங்கே தொடங்கிய துறவியர் குழுவைத் தேடி இன்றும் ஐரோப்பாவெங்கும் இருந்து இளைஞர்கள் வருகிறார்கள். முதுகில் பெரிய பையோடு பச்சை வழியில் நடந்துபோன இரண்டு பேரிடம் மணியடித்து வழி கேட்டேன். மணிச் சத்தத்துக்கு அவர்கள்தான் மன்னிப்புக் கேட்டார்கள்.

அடுத்து க்ளூனி. 910-ல் தொடங்கிய மடம். 1088-ல் கட்ட ஆரம்பித்த அதன் மூன்றாவது ஆலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் இப்போதைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரியது கிடையாது. புரட்சிக்குப் பிறகு அதை விற்று, கல் கல்லாகப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மிஞ்சியிருக்கும் கோபுரம் ஒன்றின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது. மிச்சம் ஒன்பது பங்கையும் மனசில் கட்டிப்பார்க்க முடியவில்லை.

மறுநாள் மாக்கோன் திசையில் பாதை மெல்ல ஏறி புவா க்ளேர் குன்றில் முட்டுகிறது. எஞ்சினுக்கு அந்தக் குன்று முடியாத காரியம். அதனால் 1.6 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தார்கள். குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள், உள்ளே தூங்கும் வௌவால்களுக்காக. அந்த மாதங்களில் சைக்கிள்காரன் மேலே ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நான் போனது செப்டம்பர், திறந்திருந்தது. வெளியே வியர்வை, உள்ளே நுழைந்ததும் சட்டை சில்லென்று முதுகில் ஒட்டியது. விளக்கு இருக்கிறது, ஆனால் எதிரே வரும் சைக்கிள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அதன் செயின் சத்தம் காதுக்கு வந்துவிடுகிறது.

1981-ல் பாரீஸ்–லியோன் அதிவேக ரயிலுக்குப் புதுத் தடம் போட்டார்கள். அதுவும் இதே குன்றுகளைத்தான் கடக்க வேண்டும். அந்தத் தடம் முழுவதிலும் ஒரு சுரங்கம்கூடக் கிடையாது. மின்சார எஞ்சினுக்கு இருந்த பலத்தில் நூற்றுக்கு மூன்றரை மீட்டர் ஏற்றத்தைப் போட்டு, குன்றின் மேலேயே ஏற்றி இறக்கிவிட்டார்கள். என் சைக்கிளுக்கு அந்தத் தடம் உதவாது. என்றைக்காவது அந்த ரயிலும் நின்று, அதன் மேலும் தார் ஊற்றினால், அன்றைய சைக்கிள்காரன் நம்மைத் திட்டுவான்.

சுரங்கத்துக்கு அப்பால் பெர்ஸே-ல-ஷாத்தெல் கோட்டை கண்ணில் பட்டது. அங்கிருந்து சரிவுதான். தூரத்தில் சொலூத்ரே பாறை, கப்பலின் மூக்கு மாதிரி. அதன் அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான ஆதிகாலக் குதிரைகளின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஜனாதிபதியாக இருந்த மித்தரான் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு அதன் மேல் நடந்து ஏறுவாராம். ஏறலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இரண்டு நாள் சமதளம் என்னைக் கெடுத்து வைத்திருந்தது. மாக்கோனில் மாலை ரயிலுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பாதை முடிந்த இடத்தில் கார்களுக்கு நடுவே சிவப்பு விளக்கில் காலை ஊன்றினேன்.

(அடுத்த வாரம்: இங்கிலாந்துக் கப்பல்களுக்குப் பயந்து நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாயின் கரையில்.)