தூண்டிலில் நழுவாத பிளாஸ்ரிக் புழு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. ஊர் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் உடையார்கட்டுக் குளம், வன்னியின் மற்றக் குளங்களைப் போலவே வடகீழ்ப் பருவமழையில் நிரம்பி, ஆடி ஆவணியில் வற்றிச் சுருங்குவது. இப்படியான குளங்களில் தூண்டில் போடுகிறவர் இரைக்காகக் கடைக்குப் போகத் தேவையில்லை. வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் மண்வெட்டியை ஒருதரம் போட்டால் நாக்கிளிப்புழு கிடைக்கும். அதைத் தூண்டிலில் கோத்து எறிந்தால் எளிதில் கழன்று போகாது.

அதற்குக் காரணம் புழுவின் உடலமைப்பு. மண்புழுவின் உடற்சுவரில் வட்டத் தசைகள் ஓர் அடுக்கு, நீளவாட்டுத் தசைகள் இன்னோர் அடுக்கு. அவற்றுக்கு மேலே கொலாஜன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மெல்லிய தோல். தூண்டில் துளைத்த இடத்தில் கிழிசல் தொடங்கினாலும், குறுக்கே ஓடும் நார் அதை மறித்துவிடும்.

உலகின் பல நாடுகளில் இதே வேலைக்குப் பயன்படும் பிளாஸ்ரிக் புழுவில் இந்த நார்கள் எதுவும் இல்லை. பார்வைக்கு உயிர்ப்புழு; தண்ணீரில் அது வளைந்து நெளியும் அழகும் அப்படியே. ஆனால் நாலைந்து தரம் வீசுவதற்குள் அது தூண்டில் தண்டில் வழுகிக் கீழே இறங்கி, வளைவில் சுருண்டு கிடக்கும். அப்படிச் சுருண்ட புழுவை மீன் சீண்டாது. இந்த நழுவலைத் தடுப்பதற்கென்றே கடந்த எழுபது ஆண்டுகளில் பல நுட்பங்கள் பிறந்திருக்கின்றன.

பிளாஸ்ரிக் புழுவின் பிறப்பிடம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் ஆகிய றப்பர்க் கொம்பனிகள் வளர்ந்த ஊர் அது. 1926-ல் குட்ரிச் கொம்பனியின் வேதியியலாளர் வால்டோ செமன், விறைப்பான பிவிசியை இளக்கியோடு சேர்த்துச் சூடாக்கி மெத்தென்ற பொருளாக்கும் வழியைக் கண்டார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின், 1949-ல், அதே அக்ரனில் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி தம் மனைவி கொஸ்மாவுடன் சேர்ந்து, மண்புழுவை அச்செடுத்து, வீட்டிலேயே பிளாஸ்ரிக் புழு வார்த்தார். புழு தபால் வழியாக விற்பனைக்குப் போனது. பின்னாளில் தொழில் ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகருக்கு இடம்பெயர்ந்தது. பாஸ் என்னும் வட அமெரிக்க நன்னீர் மீனைப் பிடிப்பவர்களின் முதன்மையான இரைகளில் ஒன்றாக அந்தப் புழு ஆனது.

செய்முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. பிவிசித் தூளும் இளக்கித் திரவமும் கலந்த பால்போன்ற கலவையை 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அது தெளிந்து பாகாகும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால் புழு தயார். இளக்கியைக் கூட்டினால் புழு மென்மையாகி நன்றாக நெளியும். மீனுக்கு அது பிடிக்கும். ஆனால் அதே மென்மைதான் தூண்டிலின் பிடியையும் தளர்த்துகிறது. பிளாஸ்ரிக் புழுவோடு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் இந்த இழுபறி தெரியும்.

இனி அது ஏறி நிற்கும் தூண்டிலைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஜிக் எனப்படுவது, தலையில் ஈயம் வார்த்த தூண்டில். நூல் கட்டும் வளையம் ஈயத்தலையின் மேற்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். தலைக்குப் பின்னால், தூண்டில் தண்டைச் சுற்றி ஈயத்தாலேயே ஒரு சிறு கழுத்து. அந்தக் கழுத்தில் பின்னோக்கிச் சரிந்த ஒரு முள். புழுவின் தலை அந்த முள்ளைத் தாண்டி ஏறி, ஈயத்தில் முட்டி நிற்கவேண்டும். முள் அதைப் பின்னே வரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பிடி தளர்வதற்குக் காரணம் மூன்று. வேகமாக வீசும்போது ஈயத்தலை முன்னே பாய, புழு பின்தங்க முயலும். தாமரைத் தண்டிலோ கொடியிலோ உரசும்போது புழு பின்னே தள்ளப்படும். சிறு மீன்கள் வாலை மட்டும் கடித்து இழுக்கும். மூன்றிலும் விசை முழுவதும் அந்த ஒற்றை முள் குத்திய புள்ளியில்தான் விழுகிறது. ஷம்பூ பைக்கற்றின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் அங்கிருந்தே அது கிழிந்துகொண்டு போவதைப் போல, நார் இல்லாத பிளாஸ்ரிக்கில் முள் போட்ட கீறல் நீண்டுகொண்டே போகும். ஆகவே நல்ல பிடிமானம் என்பது விசையை ஒரு புள்ளியில் விடாமல் பரவச் செய்வதுதான்.

அதற்கான முதல் வழிக்குக் காசு செலவில்லை. நேராகக் கோப்பதே போதும். புழுவைத் தூண்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, தலை ஈயத்தில் முட்டும்போது தூண்டில் வளைவு எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து, நகத்தால் அங்கே ஓர் அடையாளம் போடவேண்டும். பிறகு புழுத்தலையின் நட்டநடுவில் தூண்டில் முனையைக் குத்தி, புழுவைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி, அடையாளம் போட்ட இடத்தில் முனையை வெளியே எடுக்கவேண்டும். வார்த்த புழுவில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும். முனை அந்தக் கோட்டில் வந்தால் கோப்பு நேர். கடைசியாகப் புழுத்தலையை விரலால் நசுக்கிப் பிடித்து, கழுத்து முள்ளைத் தாண்டி ஒரே தள்ளில் ஈயத்தோடு சேர்த்துவிடவேண்டும். முன்னும் பின்னுமாக இழுத்துச் சரிசெய்தால் துளை அகன்று, முள் இருந்தும் இல்லாத நிலை வரும். கோணலாகக் கோத்த புழுவோ தண்ணீரில் பம்பரமாகச் சுழன்று, நூலை முறுக்கி, தன் துளையைத் தானே கிழித்துக்கொள்ளும்.

முள்ளின் வடிவத்தை மாற்றுவது அடுத்த வழி. சில ஜிக்குகளில் ஈய முள்ளுக்குப் பதிலாக மெல்லிய கம்பி இருக்கும். அது புழுவைக் குறைவாகவே கீறும். வேறு சிலவற்றில் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். புழுத்தலையை அதில் திருகி ஏற்றவேண்டும். சுருள் பல இடங்களில் பிடிப்பதால் விசை பரவிவிடுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியதும் உண்டு. தடித்த தங்கூசியில் ஒரு சிறு துண்டு வெட்டி, தூண்டில் தண்டோடு சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றி, இரண்டு மில்லிமீற்றர் நுனி பின்னோக்கிச் சரிந்து நீட்டிக்கொண்டிருக்குமாறு விட்டு, சுற்றின்மேல் ஒரு துளி பசை வைத்தால் போதும். விறைப்பான அந்த நுனி முள்ளின் வேலையைச் செய்யும். வளைந்து கொடுப்பதால் கீறலும் குறைவு.

பலர் நாடும் வழி சூப்பர் குளூ. இதன் மூலப்பொருளான சயனோஅக்ரிலேற்றை ஈஸ்ட்மன் கொடக் கொம்பனியின் ஹரி கூவர் 1942-ல் முதலில் கண்டபோது, எதிலும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவைத்தார். 1958-ல்தான் அது பசையாகச் சந்தைக்கு வந்தது. மேற்பரப்பில் இருக்கும் சிறிதளவு ஈரத்தைத் தொட்டவுடன் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்து இறுகும். பூச்சு மெல்லியதாக இருந்தால்தான் பிடி உறுதி. அதனால் புழுவை ஈயத்தலைக்கு ஐந்து மில்லிமீற்றர் தூரம்வரை ஏற்றி, கழுத்தில் ஒரே ஒரு துளி வைத்து, மீதியைத் தள்ளிச் சில நொடி பிடித்திருந்தால் வேலை முடிந்தது. புழுவில் வாசனை எண்ணெய் பூசியிருந்தால் முதலில் துடைத்துவிடவேண்டும். பசைக்குப் பதிலாக லைற்றரால் புழுத்தலையை உருக்கி ஒட்டுவதும் உண்டு. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். அது மூச்சுக்குழாயை அரிக்கும். ஆகவே அந்த வழியை விட்டுவிடுவதே நல்லது.

புழுவின் பொருளையே மாற்றினால் என்ன? பிவிசிக்குப் பதில், இழுத்தால் பல மடங்கு நீண்டு திரும்பும் றப்பர்த்தன்மையுள்ள பிளாஸ்ரிக்கில் வார்த்த புழுக்களும் வந்துவிட்டன. இவற்றில் கீறல் எளிதில் நீளாது. தண்ணீரில் மிதக்கும் இயல்பும் உண்டு. கன்சாஸ் மாநில எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் வழங்கும் நெட் முறையில், காளான் வடிவச் சிறு ஈயத்தலையில் இத்தகைய குட்டைப் புழுவை ஏற்றுவார்கள். தலை குளத்தடியில் இருக்க, வால் மேல்நோக்கி நிற்கும். இதில் ஓர் எச்சரிக்கை: இந்தப் புழுவையும் பிவிசிப் புழுவையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் வினைபுரிந்து இளகிப் பிசுபிசுத்துவிடும்.

வன்னிக் குளங்களில் பாஸ் மீன் இல்லை. ஆனால் அதைப் போலவே மறைந்திருந்து பாயும் விரால் உண்டு. காற்றைச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வந்துபோகும் இந்த மீன் ஆம்பலும் தாமரையும் அடர்ந்த ஓரங்களை விரும்பும். அங்கே முனை வெளியே தெரியும் ஜிக் வீசினால் கொடிதான் மாட்டும். அதற்கு ஏற்றது ரெக்சாஸ் முறை: ஈயம் நூலில் தனியாக இருக்கும்; தூண்டில் முனை புழுவின் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும். தூண்டிலின் வளையம் புழுத்தலைக்குள் இருப்பதால், தங்கூசித் துண்டொன்றைப் புழுவின் குறுக்காக அந்த வளையத்தினூடே செலுத்தி, இருபுறமும் ஒட்ட வெட்டிவிட்டால் புழு இறங்காது. ஜிக்குக்கு ஏற்ற மீன் கொடுவா. நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற களப்புகளில் வாழும் இந்த மீன், வாயைச் சட்டென்று அகலத் திறந்து இரையைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும். புழு ஈயத்தலையோடு ஒட்டி நின்றால்தான் தூண்டிலும் சேர்ந்து வாய்க்குள் போகும்.

பிடிமானத்தில் இவ்வளவு அக்கறை காட்டுவது அதிக மீன் கிடைக்கும் என்பதற்காக மட்டுமல்ல. கழன்று விழும் ஒவ்வொரு புழுவும் குளத்தடியில் நெடுங்காலம் மக்காமல் கிடக்கும் பிளாஸ்ரிக். அதை விழுங்கும் மீனின் குடலில் அது தங்கிவிடலாம். 2013-ல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலச் சட்டசபையில் றப்பர் இரைகளைத் தடைசெய்யும் மசோதாவே கொண்டுவரப்பட்டது. தடை நிறைவேறவில்லை, ஆனால் சிக்கலை ஆராயும் பணி தொடங்கியது. ஈயத்தின் கதையும் இதைப் போன்றதே. தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னங்கள் இறந்ததால் 1987-ல் பிரித்தானியா சிறு ஈயக்குண்டுகளைத் தடைசெய்தது. இன்று ஈயத்துக்குப் பதிலாக, அதைவிட அடர்த்தியான ரங்ஸ்டனில் செய்த தலைகளும் கிடைக்கின்றன.

இலங்கையில் நன்னீர் மீன்வளத்தைக் கவனிக்கும் நக்டா, குளங்களில் மீன்குஞ்சுகளை விடுகிறது. வன்னிக் குளத்து மீன் பெரும்பாலும் அன்றன்றைக்கே அயல் வீடுகளின் கறிச்சட்டிக்குப் போவது. இங்கே பிளாஸ்ரிக் புழுவைப் பயன்படுத்துகிறவர், நாலைந்து வீச்சுக்கு ஒருதரம் புழுத்தலை ஈயத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். துளை அகன்றிருந்தால் தலையில் ஐந்து மில்லிமீற்றரை வெட்டிவிட்டு மறுபடி கோக்கலாம். வெட்டிய துண்டும், இனிப் பயன்படாத புழுவும் ஒரு போத்தலில் சேர்ந்து வீட்டுக்கு வரவேண்டும். பிவிசிப் புழுவாக இருந்தால், அச்சு வைத்திருப்பவர் அவற்றைக் காற்றோட்டமான இடத்தில் கருகவிடாமல் உருக்கிப் புதுப்புழுவாக வார்த்துக்கொள்ளலாம்.